மேல்மாடத்துப் பறவை

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அறுபத்திரண்டு வயது ஆள், பக்கவாதம் வந்து இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறவன், சிங்கப்பூரில் தேக்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பழைய சர்ச்சைப் பார்க்க ஏன் இப்படித் துடிக்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாங்கள் கும்பிடுவது முருகனை. அதுவும் அவள்தான் கும்பிடுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். கேலாங் சிவன் கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்பேன். தைப்பூசத்துக்கு டோபி காட் வரை வந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் மூன்று வாரமாக சர்ச், சர்ச் என்று நச்சரித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவளிடம் நான் பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சர்ச்சைப் புதுப்பித்தபோது சாரத்தில் நின்று வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். பதினொரு மாதம் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து தொட்டிருக்கிறேன். உச்சிச் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்திருக்கிறேன். ஆனால் வாசல் வழியாக ஒரு நாளும் உள்ளே போனதில்லை. உள்வேலைக்கு வேறு ஆட்கள். எங்கள் பூட்ஸில் இருக்கும் சிமெண்டோடு உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பு. வேலை செய்த இடத்தை உள்ளேயிருந்து ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அது பொய்யில்லை. சொல்லாத மீதிப் பாதிதான் என்னை எட்டு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சர்ச்சின் முன்பக்கம், வாசலுக்கு மேலே, ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதைப் பேனல் பேனலாகக் கழற்றி, மரப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பி, பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். எனக்குப் படிப்பு செகண்டரி இரண்டோடு, எட்டாம் வகுப்போடு நின்றது. அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் கையை ஆட்டி ஆட்டி அவர் சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. கண்ணாடியில் சாயம் தீட்டிச் சுட்ட பக்கம் எப்போதும் கட்டடத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவினால் தெரியும். சாயப் பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. சொரசொரப்பு உள்ளே. அவ்வளவுதான் பாடம்.

ஜன்னலின் அடி வரிசையில், நடுவில் ஒரு கிண்ணம். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பறவைகள், கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்த மாதிரி. ஒரு பறவைப் பேனலை நிபுணரே மாட்டினார். அடுத்ததை எடுப்பதற்குள் கீழேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அந்த ஓட்டை வழியாக அடித்தால் உள்ளே இருக்கும் ஆர்கன் வாத்தியம் நனைந்துவிடும். என்னோடு சாரத்தில் நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். நாமே மாட்டிவிடலாம் அண்ணே என்றார்.

எந்தப் பக்கம் வெளியே என்ற அடையாளம் பேனல் மூலையில் ஒட்டியிருந்த காகித நாடாவில் இருந்தது. நாடா முழுக்கத் தூசி. அழுக்காக ஒரு பொருளைக் கொடுத்தால் திட்டு விழுமோ என்று எனக்கு எப்போதும் பயம். நாடாவை உரித்தேன். ஈரத்துணியால் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தேன். நாடாவைத் திரும்ப ஒட்டினேன். எந்தப் பக்கம் ஒட்டினேன்? அப்போது அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை. கையில் ரப்பர் உறை வேறு. தடவிப் பார்க்கவும் இல்லை. பேனலை உட்கார்த்தி, பட்டைகளை வைத்துத் திருகினோம், பட்டி பூசினோம். மழை கொட்டியது. நிபுணர் கீழே குடைக்குள் நின்றபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே சந்தேகம் வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி வெறும் கறுப்பு. பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. மறுநாள் நான் போவதற்குள் அதன்மேல் காப்புக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே ஆர்கனை மூடிய பலகைகள் மறைத்துக்கொண்டிருந்தன. அந்த வாரமே நிபுணர் ஊருக்குப் போய்விட்டார். எங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யாரிடம் சொல்வது? சொன்னால் மறுபடி சாரம் கட்ட வேண்டும். செகண்டரி இரண்டு படித்த ஒருத்தன் நாடாவை உரித்ததற்காக ஒரு சாரம்! வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வழியாக பஸ்ஸில் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அண்ணன் மகள் ஃபோனில் அந்தச் சர்ச்சின் படங்களைத் தேடிக் காட்டினாள். எல்லாப் படத்திலும் ஜன்னலின் மேல்பாகம் பளபளவென்று இருக்கிறது, அடி வரிசை மட்டும் பாடகர்கள் நிற்கும் மேல்மாடத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. என் அதிர்ஷ்டம்.

பக்கவாதம் வந்து, தேறி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவர் கேட்டார்: இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்காவது ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்? மற்றவர்கள் கடற்கரை, பேரப்பிள்ளை வீடு என்றெல்லாம் சொல்வார்களாம். நான் யோசிப்பதற்குள் வாய் அந்தச் சர்ச்சின் பெயரைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. பரீட்சைத் தாள் திருப்பித் தரும் நாள் மாதிரி ஒரு பரபரப்பு. பள்ளிக்கூடத்தில் எனக்கு அது வந்ததே இல்லை. முடிவு முன்னமே தெரியும்.

நாங்கள் இருக்கும் பிடோக்கிலிருந்து ஒரே பஸ். எம்ஆர்டி ரயிலில் போகலாம் என்றாள் மனைவி. லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றேன். பஸ் பழுதானால் என்று கேட்டாள். பஸ்ஸில் ஜன்னல் இருக்கிறது என்றேன். ஓட்டுநர் இறங்கி வந்து, தரையில் மடித்துக் கிடந்த பலகையைத் தூக்கி நடைபாதைமேல் போட்டு, தூரப் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் சக்கர நாற்காலியைத் தள்ளி உள்ளே ஏற்றினார். அதுவரை பஸ்ஸே காத்திருந்தது. வழக்கமாக அந்த அரை நிமிடத்தில் நான் கூனிக் குறுகிப்போவேன். அன்றைக்கு எனக்கு யாரையும் கவனிக்கத் தோன்றவில்லை. நாற்காலி பின்பக்கம் பார்த்து நிற்பதால், கடந்துபோன தெருக்களைத்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இன்னும் எத்தனை என்று அவளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவது தடவை, "ஓட்டுநர்கிட்டயே போய் உட்கார்ந்துக்குங்க" என்றாள்.

தேக்காவில் இறங்கினோம். பூக்கடை வாசலில் வாளிகள் நடைபாதையைப் பாதி அடைத்திருந்தன. அவள் நாற்காலியை வளைத்து வளைத்துத் தள்ளினாள். வெள்ளை வண்ணக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த உச்சிக்குக் கீழே மூன்றாவது விளிம்பு இருக்கிறதே, அதன் பூச்சு என் கையால் பூசியது. இன்னும் ஒரு வெடிப்பு இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்திலா நின்றீங்க என்று கேட்டாள். எட்டு வருஷம் கழித்துக் கிடைத்தாலும் பாராட்டு பாராட்டுதானே.

முன்வாசலில் அகலமான படிகள். பக்கவாட்டில் சரிவுப் பாதை இருந்தது. அதன் முடிவில் ஒரு சின்னக் கதவு. மனைவி செருப்பைக் கழற்றிக் கதவோரம் விட்டாள். நான் என் காலைப் பார்த்தேன். இடது காலில் பிளாஸ்டிக் தாங்கி, அதன்மேல் ஷூ. அதைக் கழற்றினால் பாதம் தொங்கிவிடும். சாமி இருக்கும் இடத்துக்குள் ஷூவோடு போகலாமா? கழற்றினால் எப்படி நடப்பது? அங்கேயே ஐந்து நிமிடம் போயிருக்கும். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். கையில் கத்தரிக்கோல், இடுப்பில் ஏப்ரன். இங்கே எல்லாரும் காலணியோடுதான் வருவார்கள், அப்படியே வாங்கோ என்றார். மனைவி மட்டும் கேட்கவில்லை. வெறுங்காலோடுதான் உள்ளே வந்தாள்.

உள்ளே போன அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? சட்டையைத் தையல் பக்கமாகவே எட்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு யாரோ அதை நேர்ப்பக்கம் திருப்பிக் காட்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. வெளியே கறுப்புக் கறுப்பாக, தூசித் துணி மாதிரி இருந்த ஜன்னல்கள் எல்லாம் உள்ளே நீலமும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன. தரையில், பெஞ்சுகளில், என் மனைவியின் புடவையில் எல்லாம் நிறம். எனக்கு ஒவ்வொரு ஜன்னலும் தெரியும். இது சட்டம் துருப்பிடித்துக் கிடந்தது, இது கழற்றும்போது தேள் வந்தது, இதற்கு மூன்று நாள். நான் சொல்லிக்கொண்டே போக அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். குரல் கூடிவிட்டது போலிருக்கிறது. பீடத்தின் பக்கம் பூ அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். வாசலுக்கு மேலே பெரிய ஜன்னல். பார்த்த படங்களில் இருந்தது போலவேதான். மேலே தேவதைகள், நடுவில் மாதா, கீழே மேல்மாடத்தின் மரச்சுவர். அடி வரிசை தெரியவில்லை. கழுத்தை நீட்டினேன். பீடம் வரைக்கும் பின்னால் தள்ளச் சொன்னேன். நான்கு கால் ஊன்றுகோலை வாங்கி எழுந்து நின்று பார்த்தேன். எவ்வளவு தூரம் போனாலும் அந்தச் சுவர் முழுசாக மறைத்தது.

பூ அடுக்கும் அம்மாளிடம் போனோம். என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து, ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மேல்மாடத்தில் நின்று பாடுகிறவர். இதையெல்லாம் என் மனைவி இரண்டு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மேலே போய்ப் பார்க்க முடியுமா என்று நான் கேட்டதும் அவர் என் காலைத்தான் பார்த்தார். படிக்கட்டு குறுகல், செங்குத்து, லிஃப்ட் கிடையாது, அக்கா வேண்டுமானால் போய்ப் படம் எடுத்து வரட்டும் என்றார். நியாயமான பேச்சு.

மனைவி போனாள். நான் கீழே நின்று அவள் காலடிச் சத்தத்தை எண்ணினேன். இருபத்து மூன்று. திரும்பி வந்து ஃபோனை நீட்டினாள். வெயில் நேராக அந்த ஜன்னலில் அடிக்கும் நேரம். படத்தில் அடி வரிசை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. அவள் ஃபோனும் என் அளவுக்குப் பழசு.

"பறவை இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு. அழகா இருக்கு."

"எந்தப் பக்கம் பார்த்துச்சு?"

"என்னைப் பார்க்கல. இது என்ன கேள்வி?"

பூ அம்மாள் ஜாடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் படிக்கட்டின் அடியில். அப்போதுதான் சொன்னேன். நாடா, ஈரத்துணி, ரப்பர் உறை, மழை, எல்லாம். எட்டு வருஷம் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்றாள். அதில் கோபம் இருந்தது.

பிறகு எழுந்தாள். "சரி, நான் மறுபடி போய்ப் பார்த்துட்டு வர்றேன். பார்த்துச் சொன்னா நம்புவீங்களா?"

ஆஸ்பத்திரியில் கண்விழித்த முதல் வாரம், என் கால் விரல் அசைகிறதா என்று அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அசையுது, நல்லா அசையுது என்று தினமும் சொன்னாள். அசையவில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். அவள் சொன்ன அந்தப் பொய்யால்தான் நான் அந்த வாரத்தைத் தாண்டினேன். அது வேறு விஷயம். ஆனால் பறவை சரியாகத்தான் இருக்கிறது என்று இவள் வந்து சொன்னால், மேலே ஏறும்போதே சொல்லத் தீர்மானித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"நம்ப மாட்டீங்க" என்றாள். "அப்ப ஏறுங்க."

படிக்கட்டில் கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. என் இடது கைக்கு ஒரு கோப்பையைப் பிடிக்கத் தெம்பு உண்டு, உடம்பைப் பிடிக்கத் தெம்பில்லை. பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருந்தது. முதல் படியில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வலது கையையும் வலது காலையும் ஊன்றி அடுத்த படிக்குப் பின்பக்கத்தைத் தூக்கி வைக்க வேண்டும். குழந்தை ஏறுகிற மாதிரி, ஆனால் தலைகீழாக. பூ அம்மாள் ஜாடியோடு திரும்பி வந்தபோது நான் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திடுக்கிட்டார். பார்வையாளர்களை மேலே விடுவதில்லை, விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேட்கிறவர்மேல் தப்பே இல்லை. மனைவிதான் பேசினாள். இவர் இந்த ஜன்னலை மாட்டியவர்களில் ஒருத்தர், தன் வேலையைப் பார்க்க வேண்டும் என்று பிடோக்கிலிருந்து வந்திருக்கிறார், பார்க்காவிட்டால் வீட்டில் என்னைப் படுத்துவார். "விழுந்தா நான் பதில் சொல்றேன் லா, அக்கா. இவர் விழ மாட்டார். விழறதுக்கு ரொம்பப் பயப்படுவார்." அந்த அம்மாள் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்து முழங்கால் போட வைத்திருந்த ஒரு சின்ன மெத்தையை எடுத்துக்கொண்டு எனக்கு மேலே ஏறி நின்றார். ஒவ்வொரு படியிலும் மெத்தையை வைத்தார். நான் அதில் உட்கார்ந்து அடுத்த படிக்கு நகர்ந்ததும் உருவி மேலே வைத்தார். மனைவி கீழே நின்று என் இடது பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

எட்டாவது படியில் மூச்சு வாங்கியது. பன்னிரண்டில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காலையில் இரண்டு தடவை மாற்றிய சட்டை. படிக்கட்டு வளைகிற இடத்தில் மெத்தை நிற்கவில்லை, சறுக்கியது. இதயம் காதுக்குள் அடித்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்குமோ, மறுபடி வந்துவிடுமோ, இங்கேயே விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் இந்த வளைவில் தூக்குக்கட்டிலை எப்படித் திருப்புவார்கள் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாகச் சாரத்தில் ஏறிய நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் நான் உயரத்துக்குப் போகிறேன். கீழே தரை இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பெஞ்சுகளின் தலை தெரிந்தது. மின்விசிறிகள் கண் மட்டத்துக்கு வந்தன. பின்பு அவையும் கீழே போயின.

இருபத்து மூன்று. மாடத்தின் பலகைத் தரையில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜன்னல். சூடு கழுத்தில் தெரிந்தது. திரும்ப வேண்டியதுதான் பாக்கி. பாட்டுப் புத்தகம் அடுக்கிய அலமாரி, ஆர்கனின் குழாய்கள், இரண்டு வரிசை நாற்காலி. எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தேன். மனைவி பொறுமை இழந்து என் தோளைப் பிடித்து நாற்காலி ஒன்றில் ஏற்றி உட்காரவைத்து, நாற்காலியோடு திருப்பினாள்.

கிண்ணம் மஞ்சளாக எரிந்தது. இடது பறவை வெள்ளை. கழுத்தை வளைத்துக் கிண்ணத்துக்குள் அலகை விடப் போகிறது. வலது பறவை அதே வெள்ளை, அதே கழுத்து. அது சுவரைப் பார்த்துக் குனிந்திருந்தது. கிண்ணத்துக்கு முதுகு.

பூ அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "எங்கட கொயர்ல அதுக்குக் கோபக்காரி எண்டு பேர். பாட்டுப் பழகப் பிந்தி வாற ஆள் அதுக்குக் கீழதான் இருக்கோணும்."

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தேன். மனைவி இடுப்பில் கை கொடுத்தாள். இடது பறவையின் முதுகில் விரலை வைத்தேன். உப்புத்தாள் மாதிரி, மிக மெல்லிய சொரசொரப்பு. இரண்டடி நகர்ந்து வலது பறவையைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது. குடிக்கும் டம்ளர் மாதிரி. மறுபடி இடது. மறுபடி வலது. அன்றைக்கு உறையைக் கழற்றியிருந்தால் ஒரு வினாடி வேலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தப்புத்தான், நான் செய்ததுதான், இனிமேல் இருக்குமோ இருக்காதோ என்று புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே நின்றபோது என் வலது உள்ளே இருப்பவருக்கு இடது என்று கையை மாற்றி மாற்றி வைத்து நான் போட்ட கணக்கெல்லாம் முடிந்துபோயிற்று. மனைவி முதலில் பயந்து என் வாய் கோணுகிறதா என்று பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். "கோபக்காரிய பெத்தவர் நீங்கதானா?" என்றாள்.

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் நின்றார். சொன்னேன். இந்தத் தடவை இன்னும் குறைவான நேரம் போதுமாக இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்துக் கலைஞர் ஏதோ அர்த்தத்தோடு அப்படி வரைந்தார் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தோம் என்றார். புதுப்பிப்பதற்கு முன்னால் அடி வரிசை ஒரே கரியாகக் கிடந்ததாம், அங்கே பறவை இருந்ததே யாருக்கும் தெரியாதாம். விலகிப் போகிற ஆன்மா என்று ஒருவர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறாராம். எனக்கு வியர்த்தது. பிறகு அவர் நல்ல மனசோடு சொன்னார்: எல்லாருக்கும் பழகிவிட்டது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், அப்படியே இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

எட்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது அந்த வார்த்தைகளுக்குத்தான். யாரிடமும் சொல்லப்போவதில்லை. சரி என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் என் விரலில் இன்னும் அந்த வழவழப்பு இருந்தது. இந்தப் பக்கம் வழவழப்பு என்றால் சாயம் அந்தப் பக்கம். வெளிக் கண்ணாடிக்கும் இதற்கும் நடுவில், வெயில் நேரத்தில் அடுப்பு மாதிரி சுடும் இடத்தில், மழைக்காலத்தில் ஆவி பிடித்து வேர்க்கும் இடத்தில். அங்கே சாயம் எத்தனை நாள் தாங்கும்? நிபுணர் அதற்காகத்தானே உள்ளே, உள்ளே என்று கையை ஆட்டினார். கூர்ந்து பார்த்தேன். இடது பறவையின் இறகுக் கோடுகள் கறுப்பு. வலது பறவையின் கோடுகள் பழுப்பு. அதன் கண்ணையே காணோம்.

"இல்லீங்க, இருக்கக் கூடாது" என்றேன். "இன்னும் நாலஞ்சு வருஷத்துல கோடெல்லாம் உதிர்ந்துடும். வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். திருப்பி மாட்டணும்."

என் குரலைக் கேட்டு மனைவியே திரும்பினாள். வீட்டில் பால் பொங்குமோ என்று அடுப்பை நான்கு தடவை பார்க்கிற ஆள் பேசுகிற குரலா அது என்று பிறகு கேட்டாள்.

திருச்சபை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் கழற்றி மாட்ட ஏற்பாடு செய்வார்கள் என்றார் அந்த அம்மாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். பூக்கடைச் சீட்டின் பின்பக்கம். எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்றேன். நீங்கள் தமிழில் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். சொல்லத் தொடங்கினேன். பெரிய சாரம் தேவையில்லை, முன்வாசல் முகப்பின் மேல்தளத்தில் ஒரு சின்னச் சாரம் போதும். முதலில் காப்புக் கண்ணாடியின் நான்கு திருகுகள். அதற்குப் பின்னால் பேனலின் பித்தளைப் பட்டைகள். மேல் பட்டையை முதலில் கழற்றக் கூடாது, கழற்றினால் எடை முழுக்கக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்க்கும் ஈயத்தின்மேல் விழும். பக்கத்துப் பட்டைகள் முதலில், பிறகு அடி, கடைசியில் மேல். பட்டியைக் கத்தியால் நோண்டாதீர்கள், சூடு காட்டினால் இளகும். கையில் உறை போடாதீர்கள். அதை இரண்டு தடவை எழுதச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, மெதுவா, மெதுவா என்றார். நான் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

தாள் நிறைந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். தகவல் கொடுத்தவர் என்று மட்டும் போடலாம், பேர் கட்டாயம் இல்லை என்றார். என் முகத்தில் எதையோ பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

பெயரைச் சொன்னால் யார் யாருக்குத் தெரியும், பழைய முதலாளி கூப்பிடுவாரா, அந்தத் தமிழ்நாட்டுக்காரருக்குப் பிரச்சினை வருமா? அவர் பெயர் வர வேண்டாம், நாடாவை உரித்தது நான் மட்டும் என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

பிறகு என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துச் சொன்னேன். மனைவி எங்கள் அடுக்குமாடி வீட்டின் புளோக் நம்பரைச் சொன்னாள். எழுத்து சரியாக இருக்கிறதா பாருங்கோ என்று அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அது பாதி நீலமாக, பாதி சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.